விட்டுப் போனவர்களைக் கேட்பவர்

எந்த இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானாலும், அங்கிருந்து விட்டுப் போனவர்களைத்தான் அத்தாச்சி முதலில் கேட்பார். பள்ளிக்கூடம் என்றால், படிப்பின் நடுவில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போன பிள்ளையின் தாயைத் தேடிப் போவார். மருத்துவர் என்றால், இப்போது வேறு மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருக்கும் நோயாளி யார் என்று விசாரிப்பார். இருப்பவர்கள் பொய் சொல்வார்கள் என்று அவர் நினைத்ததில்லை. இருப்பவர்களுக்கு அங்கே இருந்தாக வேண்டும். அதனால் சில சங்கதிகள் அவர்கள் கண்ணில் படாமல் போய்விடும் என்பது அவர் எண்ணம்.

அத்தாச்சி என் அத்தை மகள், வயதில் மூத்தவர். கீரமங்கலத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். என் தாய் வீடும் அங்கேதான். நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். சனிக்கிழமை பேருந்து ஏறி ஊருக்கு வந்தால், பையை வீட்டில் வைத்துவிட்டு நேரே அவருடைய கன்றுப் பண்ணைக்குத்தான் போவேன். இப்போது அவர் மகளோடு ஓசூரில் இருக்கிறார். பண்ணையை வேறொருவர் நடத்துகிறார். நான் எழுதுவது, அவர் அங்கே பச்சை நிழல்வலைக்குக் கீழே குந்தியிருந்த சில ஆண்டுகளைப் பற்றி.

பேசும்போது அவர் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார். கையில் எப்போதும் ஒரு வேலை இருக்கும். பாலித்தீன் பையில் மண்ணை நிரப்பித் தட்டுவார். ஒட்டுக் கட்டிய இடத்தில் நாடாவைத் தடவிப் பார்ப்பார். காய்ந்த இலையைக் கிள்ளுவார். ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அடுத்த பைக்குப் போய்விடுவார். யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று நினைக்கும் மனிதர் தன் போக்கில் பேசிக்கொண்டே போவார். அத்தாச்சி ஒரு சொல்லையும் தவற விட்டிருக்க மாட்டார் என்பது பிறகுதான் தெரியும்.

இந்தப் பழக்கத்தால் அவருக்கு ஊரில் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்பு மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்து வர ஓர் ஆளை அனுப்புவார்கள். தாம்பாளத்தோடு போய்ப் பேசி முடிக்கும் பெரியவர்கள் வேறு; இந்த ஆள் வேறு. இவர் போவதும் வருவதும் வெளியில் தெரியக் கூடாது. கீரமங்கலத்தைச் சுற்றியிருந்த பல குடும்பங்கள் அந்த வேலைக்கு அத்தாச்சியைத்தான் நம்பின.

ஒரு முறை வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டை விசாரித்து வரப் போனார். அக்கம்பக்கம் முழுவதும் அந்தக் குடும்பத்தைப் புகழ்ந்தது. அவர் அதோடு நிற்காமல், அந்த வீட்டின் சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்து வேலையை விட்டு நின்ற ஓட்டுநரைக் கண்டுபிடித்தார். சம்பளம் சரியாகக் கொடுத்தார்கள், ஏச்சுப் பேச்சு கிடையாது, ஆனால் வேலை பார்த்த காலம் முழுவதும் சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்டதில்லை என்று அந்த ஓட்டுநர் சொன்னாராம். அத்தாச்சி பெண் வீட்டாரிடம் அதை அப்படியே சொன்னார். கொடுக்கலாமா, வேண்டாமா என்று அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்தார்கள். அந்தப் பெண் நன்றாகத்தான் இருக்கிறாள். அப்படியானால் ஓட்டுநர் சொன்னது பொய்யா என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

“அவரு சொன்னதும் நெசம், இவ நல்லா இருக்கிறதும் நெசம். நான் கேட்டதைச் சொன்னேன். தீர்ப்புச் சொல்ல நான் யாரு?”

அவருடைய கணவர் அதிகம் பேசாதவர். பேசினால் அத்தாச்சியைப் பற்றித்தான் பேசுவார். ஒரு நாள் என்னிடம், “இவ கோயிலுக்குப் போனாலும், இந்தச் சாமியை இதுக்கு முன்னாடி கும்புட்டுட்டு விட்டுப் போனவுக யாருன்னு பூசாரிகிட்டக் கேப்பா” என்றார். அத்தாச்சி தலை நிமிராமல், கேட்டால் என்ன தப்பு என்றார்.

புயலில் அவர்களுடைய தென்னந்தோப்பு சாய்ந்த பிறகுதான் கன்றுப் பண்ணை வந்தது. ஒட்டு மா, பலா, எலுமிச்சை, நெல்லி, வரப்போரம் வைக்கத் தேக்கு என்று பை பையாக வளர்த்து விற்றார்கள். உள்ளூரில் வாங்குகிறவர்கள் குறைவு. எல்லார் வீட்டிலும் ஏதோ ஒரு பண்ணைக்காரர் உறவாக இருப்பார். தூரத்து மாவட்டங்களில் நிலம் வாங்கி மரம் வைக்கிறவர்களை நம்பித்தான் பிழைப்பு. அவர்கள் கைப்பேசியில் தேடித்தான் பண்ணையைக் கண்டுபிடிக்கிறார்கள். எனவே ஒரு வலைத்தளம் உண்டாக்கினார்கள். அது தேடலில் எங்கோ அடியில் கிடந்தது. தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி ஒரு தளத்தைச் சீர்படுத்தும் வேலைக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர் என்பதை அத்தாச்சி தெரிந்துகொண்டது அப்போதுதான். தெரிந்துகொண்டதும், இதை யாரிடம் கற்றுக்கொள்வது என்று விசாரிக்கத் தொடங்கினார்.

அவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பார். பொருள் புரியாத இடத்தில் நிறுத்தி எனக்காக வைத்திருப்பார். சனிக்கிழமை மதியம் நான் படித்துச் சொல்ல, அவர் பையில் மண் போட்டுக்கொண்டே கேட்பார்.

முதலில் கிடைத்தது ஒரு பயிற்சி நிலையத்தின் கைப்பேசிக் குழு; சில நாள் இலவசமாகப் பார்க்க விட்டார்கள். காலையில் வணக்கம், பிறகு பாடக் காணொளி, பிறகு நன்றி சார், அருமை சார் என்று வரிசையாகச் செய்திகள். எனக்கு அது ஒழுங்கான வகுப்பாகத்தான் தோன்றியது. அத்தாச்சி அந்த நன்றிகளை விரலால் தள்ளிக்கொண்டே போனார். இடையிடையே சாம்பல் நிறத்தில் சிறு வரிகள் வரும்: இன்ன எண்ணுக்குரியவர் குழுவிலிருந்து வெளியேறினார். யாரும் படிக்காத அந்த வரிகளைத்தான் அவர் தேடினார். அந்த எண்களுக்கு ஒவ்வொன்றாகப் பேசினார். தான் கீரமங்கலத்தில் கன்று விற்கிறவள், அந்தக் குழுவில் பணம் கட்டிச் சேரலாமா என்று யோசிக்கிறேன், நீங்கள் ஏன் விட்டீர்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்டார். சிலர் எடுக்கவில்லை. ஒருவர் தனக்கு நேரமில்லாமல் போனதுதான் காரணம், பாடத்தில் குறை ஒன்றுமில்லை என்றார். அத்தாச்சி அதையும் நினைவில் வைத்துக்கொண்டார். திண்டுக்கல் பக்கம் சேலை விற்கும் ஒரு பெண் மட்டும் நெடுநேரம் பேசினார்.

“அக்கா, அங்கன கேள்வி கேட்டா பதில் வராது. கொஞ்ச நேரங் கழிச்சுப் பார்த்தா நம்ம கேள்வியையே காணோம்.”

இரண்டு நாளில் குழுவை நடத்துகிறவரிடமிருந்து அழைப்பு வந்தது. யாரம்மா நீங்கள், விட்டுப் போனவர்களுக்கெல்லாம் போன் பண்ணுகிறீர்களாமே என்று சற்றுச் சூடாகக் கேட்டார்.

“பொண்ணு குடுக்கலாமான்னு விசாரிக்கிறேன் தம்பி” என்றார் அத்தாச்சி.

அவர் சேரவில்லை. ஆனால் அந்த நிலையத்தைப் பற்றி வெளியில் குறை பேசவும் இல்லை. யாராவது கேட்டால் சேலைக்காரப் பெண் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டவர் சொன்னதையும் சேர்த்தே சொல்வார்.

காணொளி போடும் ஆசிரியர்கள் பலரைப் பார்த்தோம். எனக்கு நன்றாகப் பேசுகிறவர்கள் மேல் ஒரு சாய்வு உண்டு. சொல்லை அளந்து, எடுத்துக்காட்டோடு பேசும் ஒருவரை நான் பரிந்துரைத்தேன். அத்தாச்சி பாதி கேட்டுவிட்டு, “இவரு கத்துக்குடுக்கிறதைத் தவிர வேற எதை வித்து முன்னுக்கு வந்திருக்காருன்னு பாரு ஆத்தா” என்றார். தேடிப் பார்த்தேன். அவர் விற்றது அந்தப் பாடத்தை மட்டும்தான்.

பிறகு ஆங்கிலத்தில் ஒரு விவாத மன்றம் அகப்பட்டது. உலகத்தின் எங்கெங்கிருந்தோ இந்த வேலை செய்கிறவர்கள் அதில் கேட்டும் சொல்லியும் கொண்டிருந்தார்கள். அங்கே நன்றிகள் குறைவு, சண்டைகள் அதிகம். எனக்குச் சலிப்பாக இருந்தது, அவருக்குப் பிடித்துவிட்டது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார், மறுத்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள், தேடுபொறி நிறுவனமே இலவசமாக வெளியிட்டிருக்கும் வழிகாட்டியை எடுத்துக் காட்டுகிறார்கள், நான் என் தளத்தில் சோதித்துப் பார்த்தது இது, என் ஊகம் இது என்று பிரித்துச் சொல்கிறார்கள். அதில் அடிக்கடி பதில் எழுதும் ஒருவர், தாம் முன்பு சொன்ன ஒரு கருத்துக்குக் கீழேயே, அது தவறாகிவிட்டது, என்னை நம்பிச் செய்தவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். பழைய பதிலை அழிக்கவில்லை. நான் அதைத் தமிழில் சொன்னபோது அத்தாச்சியின் கை நின்றது. மறுபடி படிக்கச் சொன்னார். இந்த மனிதர் எழுதியதையெல்லாம் தேடி எடுத்து வை என்றார்.

அந்த மன்றத்திலிருந்து அவர் கற்றுக்கொண்டவை எளியவை. ஒவ்வொரு கன்றுக்கும் தனித்தனிப் பக்கம் வைக்க வேண்டும். வாங்க வருகிறவர்கள் நேரில் கேட்கும் கேள்விகளுக்கு அந்தப் பக்கத்திலேயே விடை இருக்க வேண்டும். படம் நம் பண்ணையில் எடுத்ததாக இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவதாக எவராவது உறுதி கொடுத்தால் விலகிப் போங்கள் என்பதையும் அங்கே பலர் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும் என்றும் சொன்னார்கள்.

மாதங்கள் அவரிடம் இல்லை. ஐப்பசி மழையை நம்பித்தான் கன்று வாங்குவார்கள். அதற்குள் விற்காத கன்று பைக்குள் வளர்ந்து, வேர் பையைக் கிழித்துத் தரைக்குள் இறங்கிவிடும். பிறகு அதைப் பிடுங்கினால் வேர் அறும். அந்த ஆண்டு வழக்கத்தைவிட அதிகமாகப் பலா ஒட்டுக் கட்டியிருந்தார்கள். அது விற்றாக வேண்டும். விற்காவிட்டால் பண்ணையை விட்டுவிட்டுத் திருப்பூரில் மருமகன் பார்த்து வைத்திருக்கும் காவலாளி வேலைக்குப் போவதாக அவர் கணவர் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

அப்போதுதான் அத்தாச்சியின் கொழுந்தன் மகன் வந்தான். இருபத்தைந்து வயதைத் தாண்டியவன். பொறியியல் படித்துவிட்டு, ஆலங்குடியில் ஓர் அறை எடுத்து, கடைகளுக்கு எஸ்.இ.ஓ. செய்துகொடுத்தான், தமிழில் ஒரு குழு வைத்துக் கற்றும் கொடுத்தான். நல்ல பிள்ளை. புயலில் பறந்த இந்த வீட்டுக் கூரை ஓடுகளை அவன்தான் ஏறி மாற்றினான். பெரியம்மா, ஆவணிக்குள் முதல் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றான்.

உறுதி கொடுப்பவர்களிடம் விலகிப் போகச் சொன்னார்களே என்று நான் மெதுவாக நினைவூட்டினேன். அவனுடைய பழைய வாடிக்கையாளர்கள் யாரையாவது கேட்டுப் பார்க்கலாமே என்றேன். ஊரையே விசாரித்த அத்தாச்சி அன்று என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நம்ம வீட்டுப் பிள்ளையைப் பத்தி வெளியில போயிக் கேட்டா, கேட்ட எடத்துலயே அவன் மானம் போயிரும்ல? பெரியம்மாவே நம்பலையாம்னு ஆகிரும். சொந்தத்துல விசாரிக்கிற வழக்கம் இல்ல ஆத்தா.”

அது உண்மைதான். முறைமாப்பிள்ளைக்குக் கொடுக்கும்போது எங்கள் பக்கத்தில் எவரும் ஆள் அனுப்பி விசாரிப்பதில்லை. விசாரித்தால் அது அவமதிப்பு. அத்தனை வீடுகளுக்குப் போய்வந்த அத்தாச்சியும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

ஆவணியில் தளம் முதல் பக்கத்துக்கு வந்தது. சில வாரங்கள் தொலைபேசி ஓயவில்லை. அவன் அந்தத் தேடல் பக்கத்தைப் படம் பிடித்துத் தன் வெற்றிகளின் வரிசையில், பண்ணையின் பெயரோடு போட்டுக்கொண்டான். அத்தாச்சியும் அவர் கணவரும் கன்றுகளுக்கு நடுவே நிற்கும் படமும் அதில் இருந்தது. புரட்டாசி நடுவில் அழைப்புகள் குறைந்தன. பிறகு நின்றன. பண்ணையின் பெயரை முழுதாகக் கொடுத்துத் தேடினால்கூடத் தளம் அகப்படவில்லை.

அவனைக் கேட்டார். தேடுபொறி வரிசைப்படுத்தும் அல்காரிதம் மாறிவிட்டது பெரியம்மா, எல்லாருக்கும் இப்படித்தான், திரும்பி வந்துவிடும் என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான்.

அத்தாச்சி என்னை மன்றத்தில் எழுதச் சொன்னார். எழுதும்போது ஒன்றை மட்டும் வலியுறுத்தினார்: யார் செய்தது என்று போடாதே, தெரிந்தவர் ஒருவர் என்று போடு. பதில்கள் மறுநாளே வந்தன. கன்றுக்கும் எங்களுக்கும் தொடர்பே இல்லாத, சூதாட்டத் தளங்கள் உள்பட எத்தனையோ இடங்களிலிருந்து, தேடலில் மேலே ஏற்றுவதற்காக எங்கள் தளத்துக்கு இணைப்புகள் விலைக்கு வாங்கப்பட்டிருந்தன. ஒரே பக்கத்தை எடுத்து, ஆலங்குடி, அறந்தாங்கி, குடுமியான்மலை, மணப்பாறை என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நூற்றுக்கணக்கில் போட்டிருந்தார்கள். தேடுபொறியின் வழிகாட்டியில் செய்யாதே என்று முதலில் சொல்லியிருப்பவை இவை; செய்த தளத்தை அது தேடலிலிருந்து ஒதுக்கிவிடும். தம் தவறை எழுதி வைத்திருந்த அந்த மனிதரும் பதில் சொன்னார். இவற்றையெல்லாம் நீக்குங்கள், பிறகு காத்திருங்கள், எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தார்.

“தெரியாதுன்னு சொல்றாரு பாரு” என்றார் அத்தாச்சி.

கொழுந்தன் மகனை அழைத்துப் பதில்களைக் காட்டினார். அவன் படித்தான். இவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள், நம் ஊர்ச் சந்தை அவர்களுக்குத் தெரியாது என்றான். தளத்தின் கடவுச்சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு, நானும் அத்தாச்சியும் சனி, ஞாயிறுகளில் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாக அழித்தோம். ஐப்பசி வந்தது, மழையும் வந்தது, தேடி வந்தவர்கள் சொற்பம். கார்த்திகையில் கூலிக்கு ஆள் வைத்துத் தரையில் இறங்கிய வேர்களை நறுக்கிக் கன்றுகளைப் பெரிய பைக்கு மாற்றினார்கள். நறுக்கியதில் பல பட்டுப்போயின. அவர் கணவர் திருப்பூர் போய்விட்டார். வழியனுப்பிவிட்டு வந்த அத்தாச்சி, பட்டுப்போன கன்றுகளின் பைகளைக் கழுவி அடுத்த விதைப்புக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்.

பக்கங்கள் அழிக்கப்பட்டதை அறிந்து அவருடைய ஓரகத்தி, அந்தப் பையனின் தாய், ஒரு நாள் வந்தார். நானும் இருந்தேன். சண்டை போட வரவில்லை. காபியைக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

“அக்கா, பிள்ளைக்குப் பொண்ணு பார்க்கிற நேரம். வேலை சரியில்லாதவன்னு ஒரு சொல்லு வெளியில போச்சுன்னா அப்புறம் எங்கிட்டுப் போயி நிக்கிறது? ஒங்க வாயால போயிரக் கூடாது. அவ்வளவுதான்.”

“நானாப் போயி யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார் அத்தாச்சி.

ஓரகத்தி அதை முழு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு போனார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

தை மாதம், தூத்துக்குடிப் பக்கம் கருப்பட்டி விற்கும் ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. கொழுந்தன் மகன் போட்டிருந்த வெற்றிகளின் வரிசையில் பண்ணையின் படத்தைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார். தன் கணவர் இறந்த பிறகு அவர் விட்டுப் போன வியாபாரத்தை நடத்துவதாகவும், இருக்கிற கையிருப்பை அவனிடம் கொடுத்துத் தளத்தை ஒப்படைக்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரி இது: நீங்கள் இப்போதும் அவரிடம்தான் இருக்கிறீர்களா?

நான் அதைப் படித்துவிட்டு அத்தாச்சியைப் பார்த்தேன். அவர் கை மண்ணில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதுகிறாயா என்று அவரே கேட்டார். ஓரகத்திக்குச் சொன்ன சொல் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“நானாப் போயிச் சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். இது கேட்டு வந்திருக்கு. நான் எத்தனை பேரைப் போயிக் கேட்டிருக்கேன். அந்த டிரைவரு, அந்தச் சேலைக்காரப் பொண்ணு. எனக்கென்னன்னு அவுக பேசாம இருந்திருந்தா?”

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவன் தவறான முறைகளைக் கையாண்டதால் என்று நான் எழுதிய இடத்தில் நிறுத்தினார். தவறு என்று நாமாக எப்படிச் சொல்வது, மன்றத்தில் சொன்னார்கள் என்று போடு, நமக்கு அது கேள்விப்பட்டதுதானே என்றார். முடிவில் செய்தி இப்படி அமைந்தது:

‘நாங்கள் இப்போது அவரிடம் இல்லை. அவர் வேலை செய்த பிறகு சில வாரங்கள் எங்கள் பக்கம் முன்னால் வந்தது. பிறகு காணாமல் போனது. விலைக்கு வாங்கிய இணைப்புகளும், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்ட பக்கங்களும் காரணம் என்று ஒரு மன்றத்தில் சொன்னார்கள். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டோம். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. அவர் வேண்டுமென்று கெடுத்ததாக நான் நினைக்கவில்லை. அவர் என் கொழுந்தன் மகன். நான் சொல்வதை அந்த உறவையும் சேர்த்து எடைபோட்டுக்கொள்ளுங்கள்.’

உறவைக் குறிக்கும் வரி தேவையா என்றேன். அதை எடுத்துவிட்டால் பேச்சு வீட்டுக்குள் வராமல் போக வழி உண்டு என்று எனக்குத் தோன்றியது.

“அது இல்லாம அனுப்பாதே” என்றார். “எந்த எடத்துல நின்னு பேசுறேன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிய வேண்டாமா?”

அனுப்பினேன். கருப்பட்டிக்காரப் பெண் நன்றி என்று ஒரு சொல் எழுதினார். அதே செய்தியைப் படம் பிடித்து, இது உண்மையா என்று அவனுக்கும் அனுப்பியிருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அவர் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் விசாரித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றாமலே நிழல்வலைக்குள் வந்து கைப்பேசியை நீட்டினான்.

“இது நீங்க எழுதுனதா பெரியம்மா?”

“நான் சொன்னேன். இவ எழுதுனா.”

“வீட்டுக்குள்ள வச்சுப் பேசியிருக்கலாம்ல?”

“வீட்டுக்குள்ளதான்பா மொதல்ல பேசுனேன். அல்காரிதம்னு சொன்ன. வெளிநாட்டுக்காரன்னு சொன்ன.”

அம்மா அழுதுகொண்டிருக்கிறார், அப்பா இனிமேல் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறார் என்றான். அத்தாச்சி அப்போதுதான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

“அதுல பொய் எது, காட்டு. அதை மட்டும் எடுத்துட்டு அந்தப் பொண்ணுக்கு மறுபடி எழுதச் சொல்றேன்.”

அவன் திரையைப் பார்த்தான். விரலால் மேலும் கீழும் தள்ளினான். “நான் வேணும்னு செய்யலைன்னாவது போட்டிருக்கலாம்” என்றான்.

“போட்டிருக்கேன். முழுசாப் படி.”

அவன் படித்தானா என்பது எனக்குத் தெரியவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறினான். வண்டியின் சத்தம் கடைத்தெருப் பக்கம் போய்த் தேய்ந்தது. அத்தாச்சி எழுந்து குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வரும்வரை அதன் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு குடும்பமும் இனிமேல் ஒரே பந்தியில் உட்காரப் போவதில்லை என்பது அந்த நேரத்திலேயே எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அப்படித்தான் நடந்தது. மாசியில் அந்த வீட்டில் நடந்த காதுகுத்துக்கு இவருக்கு அழைப்பு வரவில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, தளம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அவனுடைய பக்கத்தையும் திறந்து பார்த்தேன். வெற்றிகளின் வரிசையில் பண்ணையைக் காணவில்லை. அத்தாச்சியும் அவர் கணவரும் கன்றுகளுக்கு நடுவே நின்ற படமும் இல்லை. நான் அவரிடம் சொன்னேன்.

“எடுத்துட்டானா?” என்றார்.

“எடுத்துட்டான் அத்தாச்சி.”

“அப்ப முழுசாத்தான் படிச்சிருக்கான்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பையில் மண்ணைத் தட்டத் தொடங்கினார்.